ஒரு மழை போதும்

2021 ஆகஸ்ட் 31. டோக்கியோ பாராலிம்பிக் மைதானத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ஆண்கள் உயரம் தாண்டுதல் இறுதிச் சுற்று. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 1.86 மீட்டரைத் தாண்டிவிட்டார். கம்பி 1.88-க்கு ஏறியது. சிறுவயதில் நசுங்கிச் சிறுத்துப்போன அவரது வலது காலில் ஒரு சாக்ஸ். அது மழையில் ஊறிவிட்டது. மூன்று முறை ஓடிவந்து எம்பினார். மூன்று முறையும் கம்பி விழுந்தது. அமெரிக்காவின் சாம் க்ரூ 1.88-ஐத் தாண்டித் தங்கம் வாங்கினார். மாரியப்பனுக்கு வெள்ளி. சாக்ஸ் நனைந்த பிறகுதான் எம்பக் கஷ்டமாகிவிட்டது, இல்லாவிட்டால் தங்கம் வாங்கியிருப்பேன் என்று அவர் பிறகு சொன்னார்.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் இன்னொன்றும் கைநழுவியிருந்தது. தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்திச் செல்ல வேண்டியவர் அவர். விமானத்தில் உடன் பயணம் செய்த ஒருவருக்குக் கொரோனா என்று தெரியவந்ததால் அவரைத் தனிமைப்படுத்தினார்கள். கொடி டேக் சந்த் கைக்குப் போனது.

மாரியப்பன் என்றதும் எங்கள் சேலத்துக்காரர்கள் 2016 ரியோ தங்கத்தைத்தான் பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் என் மனதில் நிற்பது அந்த ஈரச் சாக்ஸ். வாழ்க்கை நம்மைத் தடுக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் தடுக்கிறது. எதிரே பெரிய எதிரி யாரும் நிற்பதில்லை. துணி நனைந்துபோகிறது. பக்கத்து இருக்கைக்காரருக்குக் காய்ச்சல் வருகிறது. யாரைக் குற்றம் சொல்வது? குற்றம் சொல்லவும் ஆளில்லாத இடத்தில்தான் மனிதன் உண்மையிலேயே தனியாகிவிடுகிறான்.

மலைக்குக் கீழே ஒரு வீடு

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் நகரம் தீப்பெட்டிகளைப் பரப்பியதுபோலத் தெரியும். வானம் துல்லியமாக இருந்தால் மேட்டூர் அணைத் தண்ணீர்கூட மேற்கே பளபளக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறக்குறைய 5,000 அடி உயரத்துக்கு வருகிறவர்களுக்கு ஏரியில் படகு, கையில் சூடான பஜ்ஜி, வீட்டுக்குக் கொஞ்சம் மிளகும் காப்பித்தூளும். குளிர் தேடி வந்தவர்கள் இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். இதே சேர்வராயன் மலைத்தொடரின் மேற்குச் சரிவு இறங்கிச் சமவெளியைத் தொடும் காடையாம்பட்டி வட்டாரத்தில்தான் பெரியவடகம்பட்டி இருக்கிறது.

மாரியப்பன் 1995 ஜூன் 28-ல் அங்கே பிறந்தார். வீட்டில் ஆறு பிள்ளைகள். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா சரோஜா செங்கல் சுமந்தார். பிறகு காய்கறி விற்றார். ஒரு நாளைக்கு 100 ரூபாய் கிடைத்தால் அதிகம். மாரியப்பனுக்கு 5 வயது இருக்கும்போது பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. வைத்தியத்துக்கு அம்மா 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். மகன் ரியோவில் தங்கம் வென்ற 2016-லும் அந்தக் கடன் தீரவில்லை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய். ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் 3 லட்சத்துக்கு 3,000 நாள், அதாவது எட்டு வருஷத்துக்கும் மேல். அதற்குள் ஆறு பிள்ளைகள் சாப்பிட வேண்டும், உடுத்த வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும். வட்டி வேறு. இந்தக் கணக்கு எந்த வழியிலும் தீராது என்பது சரோஜாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். சந்தைக் கணக்குத் தெரிந்தவர் அவர். தெரிந்தும் கடன் வாங்கினார். மறுநாள் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மனவலிமை என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால் இந்தக் காலையைத்தான் காட்டுவேன். நெஞ்சு நிமிர்த்திய வீரம் அதில் இல்லை. எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கைகூட இருந்திருக்குமா என்று தெரியவில்லை. கத்தரிக்காய் வாடுவதற்குள் விற்றாக வேண்டும் என்ற அவசரம் இருந்தது, அவ்வளவுதான். மனம் தெளிந்த பிறகு எழுந்திருக்கலாம் என்று அவர் உட்கார்ந்திருந்தால் மனமும் தெளிந்திருக்காது, காயும் விற்றிருக்காது. கை வேலையைத் தொட்ட பிறகு மனம் பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரே ஓர் ஆள்

இங்கே நம்மில் பலர் ஒரு தவறு செய்கிறோம். இப்படிப்பட்ட கதையைக் கேட்டதும், "பார்த்தாயா, அவங்களால முடிஞ்சுது, உன்னால ஏன் முடியல?" என்று அடிபட்டுக் கிடப்பவனிடம் போய்ச் சொல்கிறோம். அடுத்தவரின் மனத்திடத்தைப் புகழ்வது, நாம் கைகொடுக்காமல் இருந்ததற்குச் சாக்காகிவிடுகிறது. எனக்கு இது கோபத்தை உண்டாக்குகிறது.

மாரியப்பன் தனியாக ஜெயித்தவர் அல்ல. பள்ளியில் அவருக்குப் பிடித்தது வாலிபால். உடற்கல்வி ஆசிரியர்தான் உயரம் தாண்டிப் பார் என்று சொன்னார். ஒரு கால் வளராத பையனிடம் கேரம் விளையாடு, செஸ் விளையாடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இரக்கமாகவும் இருந்திருக்கும். அந்த ஆசிரியர் கால் இருந்த நிலையைப் பார்த்ததோடு, அந்தப் பையன் எம்பியதையும் பார்த்தார். 14 வயதில் மாரியப்பன் முதன்முதலாகப் போட்டியில் இறங்கினார். கூடத் தாண்டிய மற்றவர்களுக்கு உடலில் எந்தக் குறையும் இல்லை. அதில் இரண்டாவது இடம்.

2013-ல் தேசிய அளவிலான பாரா தடகளப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரைக் கவனித்தார். பெங்களூருக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தது 2015-ல்தான். அதுவரையிலான வருஷங்கள்தான் முக்கியம். 2012 முதல் 2015 வரை விடியற்காலையில் நடந்தே வீடு வீடாகப் பத்திரிகை போட்டார். பகலில் கட்டட வேலைக்குக் கூலியாகப் போனார். திறமை இருக்கிறது, அது நான்கு பேருக்குத் தெரிந்தும் இருக்கிறது, ஆனாலும் வழி திறக்கவில்லை. முடங்கிப்போன உணர்வு என்பார்களே, அது இதுதான். ஒன்றும் இல்லாதவனைவிட, உள்ளே ஒன்று இருந்தும் வெளியே வராதவனுக்குத்தான் அது அதிகம் வலிக்கும்.

ஹவாய்த் தீவுகளில் காவாய் என்று ஒரு தீவு. 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவரது குழுவும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, உடைந்த குடும்பம் என்று பல சுமைகள் ஒன்றாக ஏறிய குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் தெம்பான, பொறுப்பான மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களுக்குள் பொதுவாக என்ன இருந்தது என்று பார்த்தபோது திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று இது: அந்தக் குழந்தை மேல் விலகாத அக்கறை வைத்த பெரியவர் ஒருவராவது இருந்தார். பெற்றோராக இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ.

மூன்றில் ஒரு பங்கு என்று படித்தவுடன் நம் கண் அவர்கள் மேல்தான் போகிறது. மீதி இரண்டு பங்கு? அவர்களும் பலமில்லாதவர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். இங்கே சேர்வராயன் மலையடிவாரத்தில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் எம்பியிருப்பார்கள். பார்க்க ஆள் இருந்திருக்காது. அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் கட்டுரை வருவதில்லை, என் கட்டுரையிலும்தான்.

ரியோவுக்குப் பிறகு

2016 மார்ச்சில் துனிசியாவில் 1.78 மீட்டர் தாண்டி ரியோவுக்குத் தகுதி பெற்றார். செப்டம்பரில் 1.89 மீட்டர், தங்கம். 2004-க்குப் பிறகு பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கங்களில் அது ஒன்று. தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. பரிசுப் பணத்திலிருந்து 30 லட்சத்தைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குத் தருவதாகச் சொன்னார். பள்ளியில் ஒருவர் தன்னைப் பார்த்ததை அவர் மறக்கவில்லை.

சினிமாவாக இருந்தால் இங்கே முடித்திருப்பார்கள். ஆனால் 2018 ஆசியப் பாரா விளையாட்டில் வெண்கலம்தான். 2019 துபாய் உலகப் போட்டியில் 1.80 மீட்டர், அங்கும் வெண்கலம். பத்மஸ்ரீ வாங்கியவர் 1.89-லிருந்து 1.80-க்கு இறங்கி நின்றார். ஒரு தடவை ஏறிவிட்டால் பிறகு மனம் எப்போதும் கெட்டியாக இருக்கும் என்பது பொய். ஒவ்வொரு முறையும் கீழிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. டோக்கியோவில் வெள்ளி, 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 1.88 தாண்டி உலகப் பட்டம், செப்டம்பரில் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசையைச் சிலர் இறக்கம் என்கிறார்கள். எட்டு வருஷம் ஒருவர் நின்றிருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிகிறது.

இதே மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் நடராஜனையும் இங்கே சொல்ல வேண்டும். அப்பா தறி வேலை, அம்மா கோழிக்கறிக் கடை. டென்னிஸ் பந்தில் விளையாடிக்கொண்டிருந்தவரை ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் சென்னைக்குக் கொண்டுபோனார். ரஞ்சிப் போட்டியில் கால் வைத்த வேகத்தில் பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். கையை நம்பிப் பிழைக்க வந்தவனிடம் கையே தப்பு என்றால் எப்படியிருக்கும்? முறையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையே, வலைப் பயிற்சிக்குப் பந்துபோடப் போன ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில், இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். சட்டையில் "ஜே.பி. நட்டு" என்று எழுதிக்கொண்டு விளையாடியவர். அந்த ஜே.பி., ஜெயப்பிரகாஷ்தான். பின்னாளில் நடராஜன் சொந்த ஊரிலேயே பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் கட்டினார்.

மார்ச் மாதத்துக் காப்பித் தோட்டம்

எனக்கும் முடங்கிக் கிடந்த ஒரு காலம் இருந்தது. வேலை போயிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒருநாள் சேலம் பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு வண்டி நின்றது, ஏறிவிட்டேன். மார்ச் மாதம். மேலே போய் இறங்கி, கால் போன போக்கில் ஒரு தோட்டத்துப் பாதையில் நடந்தேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. களத்தில் மலையாளிப் பழங்குடி அம்மா ஒருவர் மிளகைக் காயப்போட்டு, காலாலேயே துழாவிக்கொண்டிருந்தார். பச்சையாகக் கொட்டியது ஒரு பக்கம், கறுத்துச் சுருங்கியது ஒரு பக்கம். வெயிலில் மிளகு வாசனை மூக்கில் ஏறியது.

பக்கத்திலிருந்த காப்பிச் செடிகள் களைத்துப்போய்த் தெரிந்தன. இலைகள் தொங்கிக் கிடந்தன. "செடி பட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா வந்து ஒரு கிளையை இழுத்து, இலைக் கணுவை விலக்கிக் காட்டினார். உள்ளே கம்பு மணி அளவில் பச்சையாக, கொத்தாக மொட்டுகள்.

"எல்லாம் உள்ளாற இருக்குது கண்ணு. மழை பேஞ்சா எட்டு, பத்து நாள்ல தோட்டமே வெள்ளையாப் பூத்துரும்."

"பெய்யலன்னா?"

"அப்படியே கெடக்கும். ரொம்ப நாளானா கருகிரும். அதுக்குத்தான் வசதியிருக்கறவங்க மோட்டார் வெச்சுத் தண்ணி அடிக்கிறாங்க."

சொல்லிவிட்டு மிளகிடம் போய்விட்டார். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

காப்பியைப் பற்றிப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மலைக்கு அது வந்து 200 வருஷம் ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. அரபிகா காப்பியின் மொட்டு உருவாகிக் கொஞ்சம் வளர்ந்ததும் தூங்கிப்போகும். சும்மா தூங்குவதில்லை. அந்த வறண்ட மாதங்களின் தாகம் அதற்குத் தேவை. காய்ச்சல் பட்ட மொட்டுதான் மழை விழுந்ததும் சேர்ந்தாற்போல விழிக்கும். மார்ச், ஏப்ரலில் வரும் அந்த முதல் மழையைத் தோட்டக்காரர்கள் பூ மழை என்பார்கள். ஓர் அங்குல மழை போதும். ஆனால் அந்த ஓர் அங்குலம் வந்தே ஆக வேண்டும். தாகம் மட்டும் போதாது.

மழை தவறிய வருஷத்தில் எந்தத் தோட்டக்காரரும் செடியைப் பார்த்து "உனக்கு மன உறுதி பத்தாது" என்று சொல்வதில்லை. குழாயை இழுத்து வருகிறார்.

அன்று மாலை இறங்கியதும் வீட்டுக்குப் போய் மனைவியிடம் வேலை போனதைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தவள், "ரெண்டு மாசமா இதையா சுமந்துக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்று கேட்டாள். மறுநாளே வேலை கிடைத்துவிடவில்லை. ஐந்து மாதம் ஆனது. ஆனால் மறுநாள் காலையில் பொய்ச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கவில்லை.

கேட்கத் தெரிய வேண்டும்

எனக்கு யாருமே இல்லை என்று ஒருவர் சொல்லும்போது, அது பொய் என்று வாதாட நான் தயாரில்லை. பலருக்கு அது நிஜம். மழை தானாக வராத ஊரில் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். சேர்வராயன் மலைக்கு வடக்கே இருக்கும் தருமபுரியில்தான் 1989-ல் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அடுத்த இரண்டு, மூன்று வருஷத்தில் சேலத்துக்கும் வந்தது. வங்கி வாசலை மிதிக்க யாரும் விடாத பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கையிலிருந்த பத்து ரூபாயைப் போட்டு, நோட்டில் எழுதி, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்டார்கள். அந்த நோட்டைவிட அந்த வட்டம் பெரிது. வாரம் ஒரு நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஓர் இடம் இருக்கிறது, நான் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

முடங்கிக் கிடக்கிறவர் யாராவது இதைப் படித்தால், என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். உதவியைச் சின்னதாகக் கேளுங்கள். "எனக்கு ஏதாவது செய்யுங்க" என்றால் எதிரே இருப்பவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது, நழுவிவிடுவார். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்கூட வர முடியுமா?" என்று கேட்டால் வருகிறேன் என்றோ முடியாது என்றோ பதில் வரும். முடியாது என்றால் அடுத்த ஆளிடம் கேளுங்கள். மூன்றாவது ஆளிடமும் கேளுங்கள். கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்துவிட்டார்கள். சரோஜாவும் 3 லட்சத்தை யாரிடமோ கேட்டுத்தான் வாங்கினார்.

இன்னொரு வார்த்தை, முடங்காமல் இருப்பவர்களுக்கு. உங்கள் வகுப்பில், அலுவலகத்தில், தெருவில் எம்பிக்கொண்டிருக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் தைரியமாக இரு என்று சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். நீங்கள் பார்த்ததை அவரிடம் சொல்லுங்கள். நீ இதைச் செய்து பார் என்று ஒன்றைக் காட்டுங்கள். வழி காட்ட முடியாவிட்டால் கூட நடந்து போங்கள்.

இரவு இரண்டு மணிக்குக் கேட்க ஆள் கிடைக்க மாட்டார்கள் என்று தோன்றும். அந்த நேரத்துக்காக ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: 14416. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.